டிரேட் சென்டருக்குப் போகும்போது கையில் ஒரு ஜாப் இருக்கட்டும்

சென்னை நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் மெஷின் கண்காட்சி என்றால் அம்பத்தூர் எஸ்டேட்டில் பாதிப் பேர் அந்த வாரம் அங்கேதான் இருப்பார்கள். சாயங்காலம் திரும்பும்போது எல்லார் தோளிலும் ஒரு துணிப்பை, பை நிறைய கேட்லாக். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "நல்லா இருந்துச்சு, செம கூட்டம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தப் பை அலமாரி மேலே ஏறி, அடுத்த ஆயுத பூஜைக்குப் பட்டறையைச் சுத்தம் பண்ணும்போது எடைக்குப் போகும். எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். நாட்டின் நாலு மூலையிலிருந்தும் மெஷினை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, மின்சாரம் கொடுத்து, விவரம் தெரிந்த ஆளையும் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சின்னப் பட்டறைக்காரருக்கு இப்படி ஒரு இடம் வருடத்தில் எத்தனை தடவை கிடைக்கும்?

என் கணவரும் நானும் அம்பத்தூரில் ஜாப் ஒர்க் பட்டறை நடத்துகிறோம், அதாவது மற்ற கம்பெனிகள் தரும் டிராயிங்படி பாகங்களை வெட்டித் தருகிறோம். அப்படி வெட்டும் பாகத்தைத்தான் ஜாப் என்போம். கணினிக் கட்டளைப்படி ஜாப்பைச் சுழற்றிக் கடையும் சிஎன்சி லேத் இரண்டு, டூலைச் சுழற்றி மேலிருந்து வெட்டும் விஎம்சி ஒன்று, கையால் ஓட்டும் மாமனார் காலத்து சென்டர் லேத் ஒன்று. உற்பத்தி அவர் பொறுப்பு. கொட்டேஷன், கொள்முதல், வங்கி எல்லாம் என் பொறுப்பு. டிரேட் சென்டருக்கு எப்படிப் போய்வர வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். மெஷின் டூல் கண்காட்சியை வைத்துச் சொன்னாலும், பேக்கேஜிங், உணவு பதப்படுத்தல், பிளாஸ்டிக் என்று எந்தத் தொழில்காரருக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் இடத்தைப் பற்றி. டிரேட் சென்டர் மவுண்ட்–பூந்தமல்லி சாலையில், கத்திப்பாராவுக்கும் போரூருக்கும் நடுவே இருக்கிறது. 2001-ல் திறந்தார்கள். மத்திய அரசின் இந்திய வர்த்தக மேம்பாட்டு அமைப்பும் மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் கூட்டாக ஏற்படுத்திய நிறுவனம்தான் இதை நடத்துகிறது. 2015, 2019, 2024 ஆண்டுகளில் உலக முதலீட்டாளர் மாநாடு நடந்தது இங்கேதான். 2020 கொரோனா காலத்தில் இதே அரங்குகளில் வரிசையாகக் கட்டில் போட்டு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். வெளியூர்க்காரர்கள் சிலர் இதைத் தீவுத்திடல் பொருட்காட்சியோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஆட்டோவில் ஏறும்போது "பொருட்காட்சி" என்று சொல்லிவிடாதீர்கள். "நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்" என்றால் எல்லோருக்கும் தெரியும். மியாட் மருத்துவமனை பக்கத்தில் என்றாலும் போதும்.

இங்கே நடப்பதில் எங்களுக்கு முக்கியமானது அக்மி. அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம், அதாவது எங்கள் அய்மா, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடத்தும் மெஷின் டூல் கண்காட்சி. 2023-லும் 2025-லும் ஜூனில் நடந்தது. ஒரு தொழிற்பேட்டையின் சங்கம் இவ்வளவு பெரிய கண்காட்சியைத் தானே எடுத்து நடத்துகிறது என்பதில் எனக்கு ரொம்பவே பெருமை உண்டு.

போவதற்கு முந்தின வாரம்

கண்காட்சியில் கிடைக்கப்போகும் பலனில் பாதி, போவதற்கு முன்னாலேயே உங்கள் பட்டறையில் முடிவாகிவிடுகிறது. அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் பட்டறையில் அதிகம் ஓடுகிற, ஆனால் அதிகம் தொல்லை கொடுக்கிற ஒரு ஜாப்பை எடுங்கள். ஒன்றே ஒன்று போதும். எங்களுக்கு அது எஸ்எஸ் 304-ல், அதாவது ஒரு வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், ஒரு அடாப்டர். உள்ளே மரை, வெளியே ஒரு குரூவ் (பள்ளம்), ஒரு பக்கம் மட்டும் 20 மைக்ரான் டாலரன்ஸ் (அளவு விலக அனுமதிக்கும் வரம்பு). அதன் முடிந்த பீஸ் ஒன்று, அறுத்துவைத்த மூலப்பொருள் ஒன்று, டிராயிங் பிரதி ஒன்று, மூன்றையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். டிராயிங்கில் வாடிக்கையாளர் பெயரும் பார்ட் நம்பரும் இருக்கும் மூலையை மறைத்துவிட்டுப் பிரதி எடுங்கள். அது அவர்களுடைய சொத்து, நம் பேச்சுக்கு அது தேவையும் இல்லை.

அப்புறம், அதே ஜாப்பில் தேய்ந்துபோன இன்சர்ட் (டூலின் நுனியில் பொருத்தும் வெட்டுத் துண்டு) இரண்டு மூன்றைக் காகிதத்தில் மடித்து வையுங்கள். மேலே எத்தனை பீஸ் ஓடியது, என்ன ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), என்ன ஃபீடு (டூல் நகரும் வேகம்) என்று எழுதுங்கள். இன்சர்ட் விற்கும் ஸ்டாலில் நல்ல அப்ளிகேஷன் இன்ஜினியர் ஒருவர் கிடைத்தால், லென்ஸ் வைத்து அந்தத் தேய்மானத்தைப் பார்த்தே உங்கள் மெஷினில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார். விளிம்பின் பக்கவாட்டில் சீராகத் தேய்ந்திருந்தால் ஒரு காரணம். முனை பொடிப்பொடியாக உடைந்திருந்தால் வேறு காரணம்: ஜாப் ஆடுகிறதா, பிடிப்பு போதவில்லையா, இன்சர்ட்டின் கிரேடு ரொம்பக் கடினமா என்று பார்க்க வேண்டும். உலோகம் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தால், அதுவும் எஸ்எஸ்-ஸில், பெரும்பாலும் வேகம் போதவில்லை. புது இன்சர்ட்டைக் காட்டி விலை கேட்பவருக்கு விலைதான் கிடைக்கும். தேய்ந்ததைக் காட்டினால் பாடமே கிடைக்கும். அந்த இன்சர்ட் வந்த பெட்டியின் மேல்பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சிஎன்எம்ஜி 120408 என்றால் அந்தக் கடைசி 08 முனை வளைவு 0.8 மி.மீ. என்பதைச் சொல்கிறது. ஃபினிஷிங் பற்றிப் பேசும்போது முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

மெஷின் வாங்கும் எண்ணம் இருந்தால் இன்னும் மூன்று விஷயங்களை அளந்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டறை ஷட்டரின் அகலமும் உயரமும். எஸ்டேட்டின் பழைய ஷெட்களில் ஷட்டர் தாழ்வாகவே இருக்கும். அட்வான்ஸ் கொடுத்து, மெஷின் வாசலில் வந்து இறங்கி, ஹைட்ரா கிரேனும் நிற்கும்போது சுவரை இடிப்பதா என்று யோசிக்கக் கூடாது. இரண்டாவது, மின் இணைப்பில் எவ்வளவு லோடு அனுமதி வாங்கியிருக்கிறீர்கள், இப்போது எவ்வளவு ஓடுகிறது. தாழ்வழுத்த இணைப்புக்கு ஒரு லோடு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் உயரழுத்தம், டிரான்ஸ்ஃபார்மர் என்று செலவு வேறு தளத்துக்குப் போய்விடும். மூன்றாவது, கம்ப்ரசர் என்ன அழுத்தத்தில் எவ்வளவு காற்று தருகிறது. விஎம்சி-யில் டூலைப் பிடித்து விடுவதற்கே காற்று வேண்டும். பார்க்கப்போவது லேத் மட்டும் என்றால் இதை விட்டுவிடலாம்.

கடைசியாக, ஜாப்பின் சைக்கிள் டைம். ஆப்பரேட்டர் சொல்லும் கணக்கை எடுக்காதீர்கள். கைபேசியில் வீடியோ எடுத்துப் பாருங்கள். கதவு மூடியதிலிருந்து அடுத்த ஜாப்புக்குக் கதவு மூடும் வரை எவ்வளவு நேரம், அதில் வெட்டுவது எவ்வளவு, ஏற்றி இறக்குவது எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். ஒரு ஜாப்புக்கு 220 விநாடி ஆகிறது என்று வையுங்கள். ஷிஃப்டில் 7 மணி நேரம் ஓடினால் 114 பீஸ். அதை 190 விநாடியாக்கினால் 132. அரை நிமிடம் குறைந்தால் ஷிஃப்டுக்கு 18 பீஸ் கூடும். அந்த அரை நிமிடம் வெட்டும் நேரத்தில் ஒளிந்திருக்கிறதா, ஏற்றி இறக்கும் நேரத்திலா என்று தெரிந்துவிட்டால், கண்காட்சியில் எந்த ஸ்டாலுக்குப் போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஏற்றி இறக்குவதில் என்றால் உங்களுக்கு வேண்டியது புது மெஷினே இல்லை. ஜாப்பைப் பிடித்து வைக்க நல்ல ஃபிக்ஸ்சரோ வேறு மாதிரி சக்கோ போதும். எத்தனையோ பேர் சில ஆயிரத்தில் தீர வேண்டிய பிரச்சினைக்கு ஏழு வருடம் தவணை கட்டுகிறார்கள்.

ஆன்லைனில் முன்பதிவு செய்யுங்கள். வாசலில் போய்ப் படிவம் நிரப்பும் வரிசை காலையில் நீளமாக இருக்கும். பதிவில் நிறுவனத்தின் பெயரையும் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் சரியாகப் போடுங்கள், அட்டையில் அதுதான் அச்சாகும். விசிட்டிங் கார்டு கையோடு இருக்கட்டும். இல்லாதவர்கள் பக்கத்துக் கடையில் நூறு கார்டு அடித்துக்கொள்ளுங்கள். தொழில் கண்காட்சிகள் பலவற்றில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை உள்ளே விடமாட்டார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போகும் திட்டம் வேண்டாம்.

எந்த நாள், எந்த வழி

முதல் நாள் காலை வேண்டாம். திறப்பு விழா நடக்கும், சில மெஷின்களுக்கு அப்போதுதான் லெவல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சனி, ஞாயிறு கூட்டம் தாங்காது. இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு வாசலில் நிற்பதுதான் என் தேர்வு. மெஷின் எல்லாம் ஓட ஆரம்பித்திருக்கும், பேசுபவர்களுக்குத் தொண்டையும் பொறுமையும் மிச்சமிருக்கும். கடைசி நாளுக்கு வேறு ஒரு பயன் உண்டு. வைஸ், டூல் ஹோல்டர், அளவுக் கருவிகள் மாதிரி சின்னச் சாமான்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போக மனசில்லாமல் சிலர் விலையைக் குறைப்பார்கள். ஆனால் மத்தியானத்துக்கு மேல் மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுவார்கள், அதற்கு முன்பே போய்விடுங்கள்.

வழி என்றால் மெட்ரோதான் என் சிபாரிசு. ஆலந்தூர் நிலையத்தில் நீலப் பாதை, பச்சைப் பாதை இரண்டும் சேர்கின்றன. சென்ட்ரலிலிருந்து வந்தாலும் கோயம்பேட்டிலிருந்து வந்தாலும் விமான நிலையத்திலிருந்து வந்தாலும் ஆலந்தூரில் இறங்கி ஆட்டோ பிடித்தால் கொஞ்ச தூரம்தான். புறநகர் ரயிலில் வருபவர்கள் கிண்டியிலோ பரங்கிமலையிலோ இறங்கலாம். கிண்டியிலிருந்து போரூர், பூந்தமல்லி போகும் பேருந்துகள் டிரேட் சென்டர் வாசல் வழியாகத்தான் போகின்றன. அம்பத்தூர், திருமுடிவாக்கம் பக்கமிருந்து காரில் வருபவர்கள் பைபாஸ் வழியாகப் போரூர் வந்து திரும்புவார்கள். இந்தச் சாலையில் இரண்டாம் கட்ட மெட்ரோவுக்குத் தூண் எழுப்பியதிலிருந்து சாலை குறுகிப்போயிருக்கிறது. மாதவரம்–சோழிங்கநல்லூர் பாதையில் டிரேட் சென்டருக்கென்றே ஒரு நிலையம் வருகிறது. அது திறந்துவிட்டால் இந்தப் பத்தியே தேவைப்படாது. அதுவரை காரில் வருபவர்கள் போரூரைக் காலை எட்டரைக்குள் தாண்டிவிடப் பாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள், ஐந்து மணிக்கே கிளம்புவது நல்லது.

காலுக்கு ஷூ போடுங்கள், புதுசு வேண்டாம். தரை முழுக்க சிமென்ட். பெண்களுக்கு ஒரு வார்த்தை: புடவையோ சுடிதாரோ உங்கள் விருப்பம். ஆனால் முந்தானையையும் துப்பட்டாவையும் பின் குத்திவிடுங்கள், பின்னலை மேலே தூக்கிக் கட்டிவிடுங்கள். சிஎன்சி-யில் கதவு மூடியிருக்கும். சாதாரண லேத்தும் டிரில்லிங் மெஷினும் திறந்தபடிதான் சுற்றும்.

உள்ளே போனதும்

அரங்குகள் ஒன்றுக்கொன்று அடுத்தடுத்து இருக்கின்றன. கன்வென்ஷன் சென்டர் தனிக் கட்டடம், கருத்தரங்குகள் பெரும்பாலும் அங்கே. பெரிய கண்காட்சி என்றால் இடம் போதாமல் வெளியே தற்காலிகக் கூடாரங்களும் போடுவார்கள். முதல் வேலையாக அரங்கு வரைபடத்தை வாங்கி ஓர் ஓரமாக நின்று, போக வேண்டிய ஸ்டால்களுக்கு வட்டம் போடுங்கள். ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். இன்று தீர்க்கப்போவது அந்த ஒரு ஜாப்பைத்தான்.

முதல் அரங்கின் வாசலிலேயே பெரிய கம்பெனிகளின் பெரிய மெஷின்கள் நிற்கும். ரோபோ ஒன்று ஜாப்பை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கும், சுற்றிலும் எல்லோரும் வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். அங்கே நிற்காமல் நேராகக் கடைசி அரங்குக்குப் போய், அங்கிருந்து முன்னோக்கி வாருங்கள். பின்னால், மூலையில், மூன்று மீட்டர் ஸ்டாலில்தான் ஃபிக்ஸ்சர் செய்பவர், சாஃப்ட் ஜா (சக்கில் ஜாப்பைப் பிடிக்கும் தாடை) செய்பவர், கேஜ் (அளவு சரிபார்க்கும் கருவி) செய்பவர், சில்லு அள்ளும் கன்வேயர் செய்பவர் எல்லாம் இருப்பார்கள். பெரும்பாலும் முதலாளியே உட்கார்ந்திருப்பார். நம்மைப் போலவே பட்டறையிலிருந்து வந்தவர், நம் ஜாப்பைக் கையில் வாங்கியதுமே அவர் முகம் மாறும். எங்கள் அடாப்டரின் குரூவில் நின்றுபோகும் பிசிறுக்கு வழி சொன்னவர் அப்படி ஒரு மூலை ஸ்டாலில் இருந்தவர்தான். டூல் எந்தப் பக்கமிருந்து நுழைகிறது என்பதை மட்டும் மாற்றச் சொன்னார். செலவு ஒன்றுமில்லை.

மெஷின் ஸ்டாலுக்குப் போனால் வரவேற்பில் கேட்லாக் கொடுத்து அட்டையை ஸ்கேன் செய்வார்கள். அதோடு திரும்பிவிடாதீர்கள். "அப்ளிகேஷன் இன்ஜினியர் இருக்காரா?" என்று கேளுங்கள். விற்பனைப் பிரிவினர் விலை பேசுவார்கள். அப்ளிகேஷன் ஆள்தான் மெஷின் பேசுவார். அவர் வந்ததும் டப்பாவைத் திறந்து ஜாப்பையும் டிராயிங்கையும் மேஜையில் வையுங்கள். "இதை எத்தனை விநாடியில் முடிப்பீர்கள், எப்படி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். நல்ல ஆள் என்றால் பேனாவை எடுத்து ஒவ்வொரு ஆப்பரேஷனாக எழுத ஆரம்பிப்பார். எந்த டூல், என்ன வேகம், எத்தனை செட்டப் என்று. அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "எல்லாம் வரும் சார், சூப்பரா வரும்" என்று மட்டும் சொல்கிறவரிடம் நேரம் போக்க வேண்டாம்.

கணவனும் மனைவியுமாகப் போனால், ஸ்டாலில் இருப்பவர்கள் பெரும்பாலும் கணவரைப் பார்த்துத்தான் பேசுவார்கள். கொட்டேஷன் என் மேஜைக்குத்தான் வரப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் டிராயிங்கை நானே நீட்டுவேன், முதல் கேள்வியையும் நானே கேட்பேன். அதற்கப்புறம் பேச்சு சரியான திசையில் போகும். பட்டறை நடத்தும் பெண்கள் இந்த ஒன்றை மட்டும் கடைப்பிடித்தால் போதும்.

டெமோவைப் பார்க்கும்போது என்ன உலோகத்தை வெட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். பல ஸ்டால்களில் அலுமினியம்தான் ஓடும். அது வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும், சத்தமும் வராது, பளபளப்பும் அள்ளும். உங்கள் வேலை இஎன்8 எஃகிலோ எஸ்எஸ்-ஸிலோ என்றால் அந்த டெமோவை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. எஃகு வெட்டிக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். அங்கே முடியாது என்றால், உங்கள் மூலப்பொருளை அவர்கள் டெக் சென்டருக்கு அனுப்பினால் வெட்டித் தருவார்களா என்று கேளுங்கள். நம்பிக்கை உள்ளவர்கள் சரி என்பார்கள்.

ஸ்பிண்டில் (மெஷினின் சுழலும் தண்டு) மோட்டாரின் சக்தியைக் கேட்டால் இரண்டு எண் சொல்வார்கள். ஒன்று தொடர்ந்து ஓடும்போது, இன்னொன்று கொஞ்ச நேரத்துக்கு மட்டும். கேட்லாக்கில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் இரண்டாவது. நமக்கு வேண்டியது முதலாவது, நாள் முழுக்க ஓட்டப்போகிறவர்கள் நாம். அதேபோல விஎம்சி-யில் டூல் மாற்ற ஆகும் நேரம் என்று ஒன்றரை, இரண்டு விநாடி சொன்னால், அது டூல் மாறும் நேரம் மட்டும்தானா, அல்லது ஒரு டூல் வெட்டி முடித்து அடுத்தது வெட்ட ஆரம்பிக்கும் வரையிலா என்று கேளுங்கள். எட்டு டூல் போடும் ஜாப்பில் இந்த வித்தியாசம் பெரிசாக நிற்கும்.

அப்புறம் சர்வீஸ். எனக்கு விலையைவிட இதுதான் முக்கியம். "சென்னையில் ஆள் இருக்கிறார்கள்" என்ற பதிலோடு விடாதீர்கள். எத்தனை பேர், எந்தப் பகுதியில், ஸ்பிண்டில் பேரிங்கும் டிரைவ் கார்டும் இருப்பில் இருப்பது சென்னையிலா வேறு ஊரிலா, ராத்திரி ஷிஃப்டில் மெஷின் நின்றால் போனை எடுப்பது யார் என்று கேளுங்கள். மெஷினை இயக்கும் கணினியான கண்ட்ரோலர் எந்தக் கம்பெனி என்பதற்கும் இதே முக்கியத்துவம் உண்டு. ஃபானுக்கா, சீமென்ஸா, மிட்சுபிஷியா என்பதில் சண்டை வேண்டாம். உங்கள் ஆப்பரேட்டர்களுக்கு எது பழக்கம், அக்கம்பக்கத்தில் எதற்கு ஆள் கிடைக்கும் என்று பாருங்கள்.

விலை பேசும்போது "கண்காட்சி ஆஃபர், இன்னிக்கே புக் பண்ணா" என்று சொல்வார்கள். கேளுங்கள், எழுதி வாங்குங்கள், ஆனால் அங்கேயே அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அந்த விலை முப்பது நாள் செல்லும் என்று கொட்டேஷனில் எழுதித்தரச் சொல்லுங்கள். அதே தாளில் சக், ஜா, டூல் ஹோல்டர், கூலண்ட் டேங்க், சிப் கன்வேயர், ஸ்டெபிலைசர், லாரி வாடகை, இறக்குகூலி, ஆப்பரேட்டர் பயிற்சி ஒவ்வொன்றும் விலைக்குள்ளா வெளியிலா என்று எழுதட்டும். இரண்டு கம்பெனி கொட்டேஷனை ஒப்பிடும்போது முழி பிதுங்குவது இந்தச் சில்லறைகளில்தான்.

ஒவ்வொரு ஸ்டாலிலிருந்தும் வெளியே வந்ததும் ஒரு நிமிடம் நின்று, கைபேசியில் உங்கள் குரலிலேயே பதிவு பண்ணுங்கள். ஸ்டால் எண், யாரிடம் பேசினீர்கள், என்ன சொன்னார், உங்களுக்கு என்ன தோன்றியது. சாயங்காலம் எல்லா மெஷினும் ஒரே மாதிரி ஞாபகம் வரும், அப்போது இந்தப் பதிவுதான் கைகொடுக்கும். மெஷினைப் போட்டோ எடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு ஒரு மணி வரை காத்திருக்காதீர்கள், பன்னிரண்டுக்கே போய்விடுங்கள். தண்ணீர் பாட்டில் பையில் இருக்கட்டும். மற்றவர்கள் சாப்பிடப் போகும் அந்த ஒரு மணி நேரத்தில் ஸ்டால்கள் காலியாக இருக்கும், நிதானமாகப் பேசலாம்.

மத்தியானம், கால் வலிக்க ஆரம்பிக்கும் நேரத்தில், வங்கி ஸ்டால்கள் பக்கம் போங்கள். இப்படிப்பட்ட கண்காட்சிகளில் கடன் தரும் நிறுவனங்களும் மேஜை போடுவது வழக்கம். 1949-லிருந்து இயங்கும் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம், சிறு தொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி மாதிரியான நிறுவனங்கள். கிளைக்குப் போனால் மேலாளரைப் பார்க்கவே அரை நாள் போகும், இங்கே அவர்களாகவே கூப்பிட்டுப் பேசுவார்கள். சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவுச் சான்றிதழ் கைபேசியில் இருக்கட்டும். புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்கள் தமிழ்நாடு அரசின் 'நீட்ஸ்' திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். திட்டச் செலவில் 25 சதவீதம் மானியம், உச்சவரம்பு 75 லட்சம், வட்டியிலும் 3 சதவீதச் சலுகை. ஏற்கெனவே பட்டறை நடத்துபவர்கள் மெஷினுக்கான முதலீட்டு மானியம் தங்கள் இடத்துக்கும் தொழிலுக்கும் பொருந்துமா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம். கேட்பதை மெஷின் வாங்குவதற்கு முன் கேளுங்கள்.

மாணவர்கள் நிறைய வருகிறார்கள். ஐடிஐ, பாலிடெக்னிக், இன்ஜினியரிங் பிள்ளைகள். சில ஸ்டால்களில் அவர்களைத் தொந்தரவாகப் பார்க்கிறார்கள், அது தப்பு. நாளைக்கு நம் மெஷினை ஓட்டப்போவதும் செட் பண்ணப்போவதும் அவர்கள்தான். தம்பி, தங்கைகளே, பேனாவும் துணிப்பையும் வாங்க வரிசையில் நிற்காதீர்கள். ஒரு மெஷினைத் தேர்ந்தெடுத்து, கூட்டம் குறையும் வரை பக்கத்திலேயே இருந்து, ஒரு ஜாப் தொடக்கத்திலிருந்து முடிவு வரை எப்படிப் போகிறது என்று பாருங்கள். பிறகு ஆப்பரேட்டரிடம் போய், "அண்ணா, முதல்ல ஏன் ஃபேசிங் பண்ணீங்க?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு அவர் அரை மணி நேரம் பேசுவார்.

திரும்பி வந்த பிறகு

அன்று ராத்திரியே, தூங்குவதற்கு முன், குரல் பதிவுகளைக் கேட்டு ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பொருந்தாதவற்றை அப்போதே அடித்துவிடுங்கள். இரண்டோ மூன்றோ மிஞ்சினால் போதும். அவர்களிடம், சென்னையைச் சுற்றி அதே மாடல் ஓடும் பட்டறைகள் மூன்றின் பெயரைக் கேளுங்கள். அம்பத்தூர், திருமுடிவாக்கம், ஸ்ரீபெரும்புதூர் எங்காவது இருக்கும். தர மறுப்பவர்களை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பட்டறைக்குப் போனால் முதலாளியிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள், ஆப்பரேட்டரிடம் ஒரு மணி நேரம் நில்லுங்கள். வாங்கியவருக்குத் தான் வாங்கியதைக் குறை சொல்ல மனசு வராது. தினமும் அதோடு எட்டு மணி நேரம் இருப்பவர் சொல்லிவிடுவார்: கதவு இறுகுகிறது, சில்லு மூலையில் தேங்குகிறது, காலையில் முதல் பத்து பீஸ் அளவு நிற்காமல் மாறுகிறது என்று.

அதற்கப்புறம் கணக்கு. மாதத் தவணை 50,000 வரும் என்று வையுங்கள். மாதம் 25 நாள், இரண்டு ஷிஃப்ட் ஓட்டினால் 400 மணி நேரம், மணிக்கு 125 ரூபாய் தவணைக்கே போகிறது. ஒரே ஷிஃப்ட் என்றால் 250. மின்சாரம், ஆள் சம்பளம், இன்சர்ட், வாடகை எல்லாம் இதற்கு மேலே. இரண்டாவது ஷிஃப்டுக்கு ஆர்டர் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேச உட்காருங்கள்.

அடுத்த ஒரு வாரம் போன் வந்துகொண்டே இருக்கும். வேண்டாதவர்களிடம் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கும் நேரம் மிச்சம்.

இரண்டு வருடம் காத்திருக்க முடியாதவர்களுக்குப் பெங்களூர் இருக்கிறது. துமகூரு சாலையில் உள்ள பன்னாட்டுக் கண்காட்சி மையத்தில் ஜனவரியில் இம்டெக்ஸ் என்ற மெஷின் டூல் கண்காட்சி நடக்கும். 2023, 2025 மாதிரி ஒற்றைப்படை ஆண்டுகளில் மெட்டல் கட்டிங், இரட்டைப்படை ஆண்டுகளில் ஃபார்மிங் (உலோகத்தை அழுத்தி, வளைத்து உருவாக்குவது). லேத்தும் விஎம்சி-யும் பார்க்க வேண்டியவர்கள் ஒற்றைப்படை ஆண்டில் போங்கள். பிரஸ், ஷீட் மெட்டல்காரர்கள் மற்றதில். முன்பெல்லாம் நகரத்திலிருந்து அங்கே போய்ச் சேருவதே பெரும்பாடு. 2024 நவம்பரில் பச்சைப் பாதை மாதாவரா வரை நீண்டதிலிருந்து மெட்ரோவிலேயே போய் இறங்கிவிடலாம். அது நந்தம்பாக்கத்தைவிட மிகப் பெரிய இடம், ஒரு நாளில் முடியாது. ராத்திரி தங்குவதற்கு இந்த மெட்ரோ பாதை ஓரமாக அறை பார்த்துக்கொள்ளுங்கள். ஜாப் டப்பாவை அங்கேயும் எடுத்துப் போங்கள்.